முதற் கியரில் வலுவிழந்த வண்டி

வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதற்கு முன்னரே மருந்தை அரைக்கத் தொடங்குவாராயின் நோயாளியின் நிலை யாதாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இயந்திரங்களைச் செப்பனிடும் தொழிலுக்கும் இஃது ஒக்கும். பழுதின் பெயரைக் கேட்ட மாத்திரத்தே பாகங்களை மாற்றுதல் எளிது. பழுதின் முதலைத் தேடிக் காணுதலே அரிது. ஆய்கூடத்தில் எமக்கு விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர்கள், ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று அடிக்கடி கூறுவர். அவ்வறிவுரையைப் பரீட்சைத் தாளோடு மறந்துவிட்ட பழைய மாணவராகிய யாம், ஒரு பழைய முச்சக்கர வண்டியின் முன்னிலையில் அதனை மீண்டும் கற்க நேர்ந்தது. அவ்வநுபவத்தை மாணவர்க்கும் நண்பர்க்கும் பயன்படுமாறு இங்கு எடுத்துரைப்போம்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில் விசுவமடுவைக் கடந்து கிழக்கே செல்வோர் உடையார்கட்டை அடைவர். வன்னிப் பெருநிலம் பெரும்பாலும் சமதரை. வண்டியின் வலுவைச் சோதிக்க விரும்புவோர்க்கு அங்கு மலைச்சாரல் கிடையாது. கிடைக்கும் ஏற்றம் குளக்கட்டு ஒன்றே. பெயரிலேயே 'கட்டு' என்னுஞ் சொல்லைக் கொண்ட அவ்வூரில், எமது வண்டி முதன் முதலாகத் தோற்று நின்றதும் குளக்கட்டின் சரிவிலேதான்.

வண்டிக்கு உரியவர் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர். 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் கிளிநொச்சியில் அதனை வாங்கினார். 2009ஆம் ஆண்டு தை மாதத்தில் ஊரவர் யாவரும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது அதனை வளவில் விட்டுச் சென்றார். மீளக் குடியமர்ந்த வேளையில் கூரைச் சீலையும் இருக்கைகளும் போய்விட்டன. துருவேறிய கூடும் இயந்திரமும் எஞ்சியிருந்தன. நெடுங்காலம் அது கோழிகளுக்குக் கூடாயிற்று. 2020ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதைத் தொடர்ந்து வாகனங்களின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. அதன் பின்னரே பெரியவர் கோழிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தார். புத்தம் புதிய வண்டியொன்றை வாங்கும் ஆற்றல் அவருக்கு இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கும் மரக்கறியைப் புதுக்குடியிருப்புச் சந்தைக்கும் ஏற்றிச் சென்று பிழைப்பதற்கு இப்பழைய வண்டியே அவருடைய நம்பிக்கை.

தகரவேலை, வர்ணப்பூச்சு, புதிய ரயர், புதிய பிறேக் சூ, புதிய கேபிள்கள் யாவும் முடிந்தன. இயந்திரமும் எழுந்தது. ஆயினும் முதற் கியரில் வண்டி இழுக்கவில்லை. வெறுமையாகச் சமதரையில் மெல்ல நகர்ந்தது. இருவர் ஏறியவுடன் முனகிற்று. குளக்கட்டின் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. பார்த்த மெக்கானிக் ஒருவர், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் புதுப் பிஸ்ரன் போட்டாலன்றி இது சரிவராது என்று கூறிச் சென்றார். அச்செலவுக்காக மகளின் சங்கிலியை அடைவு வைக்கப் பெரியவர் ஆயத்தமாகியிருந்தார். அடைவுக்கடைக்குப் போகுமுன் ஒரு கிழமை தவணை தருமாறு வேண்டியே யாம் இவ்வேலையில் இறங்கினோம்.

இவ்வண்டியின் குலம்

இத்தகைய வண்டிகளின் மூதாதை இத்தாலி நாட்டினது. அங்குள்ள பியாஜியோ நிறுவனத்தார் இரண்டாவது உலகப் போரின் பின், 1946ஆம் ஆண்டில், வெஸ்பா என்னும் சிறு மோட்டார் வண்டியை வெளியிட்டனர். அதனை வகுத்தவர் விமானப் பொறியியலறிஞராகிய கொறாடினோ டஸ்கானியோ. வெஸ்பா என்றால் அந்நாட்டு மொழியிற் குளவி. அதன் பின்புறத்தை இரு சக்கரமாக்கி, 1948இல் அப்பே, அதாவது தேனீ, என்னும் முச்சக்கர வண்டியும் வந்தது. இந்தியாவின் பஜாஜ் நிறுவனத்தார் பியாஜியோவின் உரிமம் பெற்று இவ்வகை வண்டிகளைச் செய்யத் தொடங்கினர். இயந்திரத்தைப் பின்புறத்தில் வைத்த ஓட்டோவை 1977இல் வெளியிட்டனர். இலங்கையின் வீதிகளெங்கும் நாம் கண்ட பழைய ஓட்டோ இதுவே.

அதன் இயந்திரம் இரண்டடிப்பு வகையினது, ஒரே சிலிண்டர். சிலிண்டரின் விட்டம் 57 மில்லிமீற்றர். பிஸ்ரன் மேலுங் கீழுஞ் செல்லுந் தூரமும் 57 மில்லிமீற்றர். கணித மாணவர் பெருக்கிப் பார்ப்பாராயின் 145.45 கன சென்ரிமீற்றர் என்னும் விடை கிடைக்கும். ஏறத்தாழ ஒரு தேநீர்க் குவளையின் கொள்ளளவு. அத்துணைச் சிறிய அறையிலிருந்தே நால்வரைச் சுமந்து செல்லும் வலுப் பிறக்க வேண்டும். ஆதலின் அதன் சுவாசத்தில் உண்டாகும் சிறு தடையும் பெருங் குறையாகத் தோன்றும். புகை மிகுதி காரணமாக இரண்டடிப்பு முச்சக்கர வண்டிகளை இறக்குமதி செய்வது 2008ஆம் ஆண்டு முதல் எமது நாட்டில் நிறுத்தப்பட்டது. எனவே எஞ்சியுள்ளவற்றைப் பேணுதல் ஒருபுறம் கலை. மறுபுறம் ஏழையின் தேவை.

முதற் கியர் கூறும் செய்தி

கியர் என்பது வலுவை உண்டாக்குவதன்று. வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்கும் பண்டமாற்று. முதற் கியரில் இயந்திரம் பலமுறை சுழன்றபின்னரே சக்கரம் ஒருமுறை சுழலும். அதனால் இழுவை அங்கேதான் உச்சமாயிருக்கும். நாலாங் கியரில் ஏற்றத்தைக் கண்டு வண்டி தளர்வது இயல்பு. முதற் கியரிலும் தளருமாயின் குறை சிறிதன்று.

அவ்வாறாயின் முதலிற் கேட்கவேண்டிய வினா, எதை மாற்றுவது என்பதன்று. இயந்திரம் எவ்வாறு ஒலிக்கின்றது என்பதே. மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

இயந்திரம் உரத்து முழங்கியும் வண்டி ஊர்ந்து செல்லுமாயின், பிறந்த வலு சக்கரத்தை அடையாமல் இடையே நழுவுகின்றது. கிளச்சையே ஐயுறல் வேண்டும். இவ்வியந்திரத்தின் கிளச் தட்டுகள் ஒயிலில் நனைந்தபடி வேலை செய்வன. கேபிளில் சிறிதுந் தளர்வு இல்லாவிடினும், உள்ளே தகாத ஒயில் ஊற்றப்பட்டிருப்பினும், தட்டுகள் தேய்ந்திருப்பினும் அவை வழுக்கும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. உயர்ந்த கியர்களிலேயே கிளச்சின்மீது பாரம் மிகும். ஆதலால் வழுக்கல் முதலில் நாலாங் கியரிலேயே வெளிப்படும். நாலாங் கியர் நன்றாயிருக்க முதற் கியரில் மாத்திரம் கிளச் வழுக்கிற்று என்பது பொருந்தாக் கூற்று.

கியரில்லாத நிலையிலும் இயந்திரம் முழங்க மறுக்குமாயின், காற்று, எரிபொருள், தீப்பொறி ஆகிய மூன்றில் ஒன்று குறைவுற்றது என்று கொள்ளலாம்.

கியரில்லாத நிலையில் ஓரளவு முழங்கிப் பாரம் ஏறியவுடன் அடங்குமாயின், ஒன்று வண்டியை ஏதோ பிடித்து நிறுத்துகின்றது; அன்றேல் இயந்திரம் பாரத்துக்கேற்ப மூச்சுவிட இயலாதிருக்கின்றது. எமது வண்டியின் நிலை இதுவே.

செலவில்லாச் சோதனைகள் முன்னே

சோதனைகளைப் பணச்செலவின் வரிசையில் அடுக்குதல் நன்று. காசு கேளாதவை முன்னே. காசு கேட்பவை பின்னே.

பின்சக்கரங்களை நிலத்திலிருந்து உயர்த்திக் கியரில்லாத நிலையிற் கையாற் சுழற்றிப் பார்ப்பது முதலாவது சோதனை. இதனை யாம் செய்யாது விட்டோம். பிறேக் சூ புதியது என்பதே காரணம். அத்தவறு பின்னர் எம்மைத் தேடி வந்தது. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

ஒருவர் அக்சிலேற்றர்ப் பிடியை முழுதும் திருக, மற்றவர் காபிரேற்றரின் உள்ளே அடைப்பான் முழுதும் மேலேறுகின்றதா என்று பார்ப்பது இரண்டாவது. புதிய கேபிளின் உறை தன் இருக்கையில் அமராவிட்டால் பிடி முழுதுந் திரும்பியும் வாயில் பாதியே திறக்கும்.

மூன்றாவது, எரிபொருட் குழாயைக் கழற்றி ஒரு போத்தலிற் பிடித்துப் பார்ப்பது. ஆண்டுக்கணக்காகக் கிடந்த தாங்கியில் துருத்தூள் இருக்கும். தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருப்பினும் பெற்றோல் சிறிது பாய்ந்து நின்றுவிடும். காபிரேற்றரின் ஜெற்றுகளை இரும்புக் கம்பியாற் குத்துதல் கூடாது, துளை பெரிதாகிவிடும். முல்லைத்தீவுக் கரையிற் கிடைக்கும் மெல்லிய நைலோன் தூண்டில் நூலே இதற்குப் போதும். சைக்கிள் பம்பினாற் காற்றடித்தல் அதனினும் நன்று.

நாலாவது காற்று வடிகட்டி. கோடையில் வன்னியின் கிரவல் வீதிகளில் எழும் செம்புழுதியைச் சொல்ல வேண்டியதில்லை. வடிகட்டியைக் கழற்றிச் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்தால் அது குற்றவாளியா என்பது புலப்படும். ஆனால் வடிகட்டியின்றி வீதியில் ஓட்டுதல் சிலிண்டரை உப்புத்தாள் கொண்டு உரைப்பதற்கு ஒப்பாகும்.

ஐந்தாவது பிளக். அது இயந்திரத்தின் நாக்கு. மரப்பட்டை நிறமாயிருந்தால் சுகம். வெளிறியிருந்தால் எரிபொருள் போதாது, அல்லது எங்கோ காற்றுக் கசிகின்றது. கறுத்து ஈரமாயிருந்தால் எரிபொருளோ ஒயிலோ மிகை, அல்லது எரிந்த வாயு வெளியேறவில்லை. எமது பிளக் கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. அந்நாக்கு அன்றே உண்மையைச் சொல்லிற்று. கேட்கும் பொறுமை எமக்கில்லை.

ஆறாவது அமுக்கம். பிளக் துளையைப் பெருவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு ஸ்டார்ட்டர்க் கைப்பிடியை இழுத்தால், விரலைத் தள்ளி எறியும் உதைப்பு இருக்க வேண்டும். எமது வண்டியில் அது நன்றாகவே இருந்தது. பிஸ்ரனும் றிங்குகளும் முற்றாகத் தேய்ந்திருந்தால் அவ்வுதைப்பு வாராது. சங்கிலி அடைவுக்குப் போகவேண்டியதில்லை என்ற நம்பிக்கை எமக்கு அப்பொழுதே பிறந்தது.

எமது பிழை

ஆயினும் அடுத்த நாள் யாம் அவசரப்பட்டோம். எரிபொருள் போதவில்லைப் போலும் என்றெண்ணிப் பெரிய ஜெற்றைப் பூட்டினோம். அன்றே தீப்பொறி எழும் நேரத்தையும் முன்தள்ளி வைத்தோம். வண்டி முன்னிலும் மோசமாயிற்று. இரண்டில் எது கெடுத்தது என்று கூறவும் இயலவில்லை. ஒன்று ஓரளவு உதவி, மற்றது அதனைக் கெடுத்திருக்கவுங் கூடும். இரண்டையும் பழைய நிலைக்கு மாற்றிவைத்து, ஆசிரியர் சொன்ன பாடத்துக்குத் திரும்பினோம். ஒரு மாற்றம், ஒரு சோதனை, கொப்பியில் ஒரு குறிப்பு. அதன் பின்னரே வேலை நேரிய வழியிற் சென்றது.

அடைபட்ட மூச்சு

எஞ்சியது புகைவழி. சைலன்சரின் இணைப்பை மெல்லத் தளர்த்திச் சிறிது தூரம் ஓட்டினோம். சத்தம் ஊரையே கூட்டிற்று. ஆனால் வண்டி துள்ளிப் பாய்ந்தது. இச்சோதனையைச் சில நிமிடங்களுக்கு மேல் நீட்டலாகாது. சுடுவாயு வெளிப்படும் இடத்தருகே பெற்றோற் குழாயும் வயர்களும் இருத்தலும் ஆகாது.

இதன் காரணத்தை மாணவர் விளங்கிக்கொள்ளல் வேண்டும். நாலடிப்பு இயந்திரத்தில் புகையைத் தள்ளுவதற்கென்றே பிஸ்ரன் ஒரு முறை மேலேறும். இரண்டடிப்பில் அத்தகைய தனி வேளை இல்லை. பிஸ்ரன் கீழிறங்கும்போது புகைவாயில் திறக்கும். புகை போய்க்கொண்டிருக்கும்போதே புதிய கலவை உட்புகும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு ஒரு செக்கனின் 50இல் ஒரு பங்கே உண்டு. அதிலும் பாதிக்குக் குறைந்த நேரமே புகைவாயில் திறந்திருக்கும். மெல்ல ஓடும்போது குறுகிய வழியாலும் புகை போய்ச் சேரும். ஆதலின் நின்ற இடத்தில் இயந்திரம் நன்றாகவே ஓடும். வேகம் ஏற ஏறப் பழைய புகை உள்ளே தங்கும். புதிய கலவைக்கு இடமிராது. சுவரில் முட்டியது போல வேகம் ஓரளவில் நின்றுவிடும். முதற் கியரிலோ வண்டி சிறிது நகர்வதற்கும் இயந்திரம் விரைந்து சுழல வேண்டும். அச்சுவர் அங்கேதான் முதலில் எதிர்ப்படும்.

சைலன்சரைக் கழற்றிப் பார்த்தபோது அதன் குழாய் வாய் தாரினும் கடினமான கரியால் அரைவாசிக்கு மேல் அடைபட்டிருந்தது. சிலிண்டரின் புகைவாயிலும் அவ்வாறே. சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்து, பனைமட்டைச் சீவலால் கரியைச் சுரண்டினோம். இரும்பு சுவரைக் கீறும். சைலன்சரை வீட்டிலிருந்து தொலைவான வெளியில், சிரட்டைக் கரி நெருப்பிலிட்டு, காற்று வரும் பக்கத்தில் நின்றுகொண்டு எரித்து, ஆறியபின் தட்டி உதிர்த்தோம். உதிர்ந்த கரி ஒரு பேணி நிறைய இருந்தது.

கரி வந்த கதை

இக்கரி எங்கிருந்து வந்தது? பெற்றோல் கலக்கும் முறையைப் பெரியவரிடம் வினவினோம். லீற்றருக்கு ஏறத்தாழ 60 மில்லிலீற்றர் ஒயில் விடுவதாகக் கூறினார். இவ்வகை இயந்திரத்துக்கு உரிய அளவு நூற்றுக்கு 2 பங்கு. அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். மும்மடங்கு ஏன் என்று கேட்டபோது அவர் சொன்னதாவது: "தம்பிமாரே, அந்தக் காலத்திலை ஒயிலைக் கூட விட்டபடியாத்தான் இந்த எஞ்சின் இண்டைக்கும் இருக்குது."

அவர் கூற்றிலும் உண்மை உண்டு. 1990 முதல் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரையும் வன்னிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தது. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அக்காலத்து வழக்கம். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சிய பகுதி சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, அங்குள்ள ஒயிற் படலத்தைக் கழுவிச் செல்லும். அந்நிலையில் ஒயிலை மிகுத்து விட்டோர் இயந்திரத்தைக் காத்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் மண்ணெண்ணெய்க் காலம் கழிந்தது. அளவு மாத்திரம் மாறவில்லை. அன்று கையாண்ட மருந்தே இன்று நோயாயிற்று. மிகுந்த ஒயில் முற்றாக எரியாது கரியாகி, மண்ணெண்ணெய் விட்டுச் சென்ற கரியின்மேல் ஆண்டாண்டாகப் படிந்தது.

"ஐயா, உங்கடை அளவு பிழையில்லை, எண்ணெய்தான் மாறிப்போச்சுது" என்று யாம் கூறினோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்து, பின் அளவுச் சாடியை வாங்கி வருமாறு மகனைக் கடைக்கு அனுப்பினார்.

புதியதும் பழுதாகும்

சைலன்சர் சுத்தமான பின் வண்டி சமதரையில் நன்றாக ஓடிற்று. ஆயினும் குளக்கட்டின் உச்சிக்குச் சற்று முன் மீண்டும் தளர்ந்தது. இறங்கி நின்றபோது இடப்பக்கப் பின்சக்கரத்திலிருந்து கருகிய மணம் வீசிற்று. அதன் பிறேக் ட்ரம்மைத் தொட முடியவில்லை. வலப்பக்கத்து ட்ரம் குளிர்ந்திருந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையை அப்பொழுதே செய்தோம். சக்கரத்தை உயர்த்திச் சுழற்றினால் அரைச் சுற்றோடு நின்றது. யாமே பூட்டிய புதிய பிறேக் சூ ட்ரம்மோடு உராய்ந்துகொண்டிருந்தது. புதியது பழுதிராது என்று நம்புதல், பழையது பழுதாய்த்தான் இருக்கும் என்று நம்புதலை ஒத்த மூடநம்பிக்கையே. சீராக்கும் திருகாணியைத் தளர்த்தி, சக்கரம் தடையின்றிச் சுழலுமாறு செய்தபின், பெரியவரும் யாம் மூவருமாக நால்வர் ஏறிக் குளக்கட்டின்மேல் முதற் கியரிற் சென்றோம். வண்டி நிற்கவில்லை.

ஆகிய செலவு இரு காஸ்கற்றும் ஒரு பிளக்கும் அளவுச் சாடியுமே. சங்கிலி மகளின் கழுத்தில் இருந்தது.

இத்துணைச் செய்தும் பழுது நீங்காதாயின், பின்னரே செலவுள்ள ஐயங்களுக்குச் செல்லலாம். நின்ற இடத்தில் இயந்திர வேகம் தானே ஏறி இறங்குமாயினும், பிளக் வெளிறியிருப்பினும், அச்சுத்தண்டின் ஒயில் சீலைப் பார்த்தல் வேண்டும். பின்புறம் வெண்புகை மண்டி, கியர் ஒயில் குறைந்துகொண்டு வருமாயின் கிளச் பக்கத்துச் சீல் கிழிந்திருக்கலாம். விரற் சோதனையில் உதைப்பு வாராவிடின், அன்றே சிலிண்டர் கடையும் பேச்சை எடுக்கலாம்.

எரிபொருளின் அருமையை நாம் மறந்துவிடவில்லை. 2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எரிபொருட் பங்கீடு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றரே கிடைத்தது. மூச்சடைத்த இயந்திரம் அவ்வைந்து லீற்றரையும் கரியாக்கியிருக்கும். வருமான உத்தரவுப் பத்திரம் பெறுதற்குப் புகைச் சான்றிதழும் வேண்டும். அளவோடு விடும் ஒயில் அதற்கும் துணையாகும்.

எமது கல்லூரியின் மாணவர் பலர் நாளை பொறியியலாளராகவும் வைத்தியராகவும் ஆசிரியராகவும் விளங்குவர். அவர்க்கு யாம் கூறக்கூடியது இதுவே. பழுது தோன்றும் இடமும் பழுது பிறந்த இடமும் ஒன்றாயிருத்தல் அரிது. முதற் கியரில் தோன்றிய குறை புகைக்குழாயிலே இருந்தது. புகைக்குழாயின் கரி ஒயிற் போத்தலிலிருந்து வந்தது. ஒயிலின் அளவு முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட பஞ்சத்திலே பிறந்தது. அவ்வழியே பின்னோக்கிச் சென்றிராவிடில் நல்ல பிஸ்ரன் ஒன்றை எறிந்துவிட்டு, அதே அளவு ஒயிலை மீண்டும் ஊற்றி, சில ஆண்டுகளில் அதே கட்டில் மீண்டும் நின்றிருப்போம். இன்று காலையிலும் அவ்வண்டி பள்ளிப் பிள்ளைகளோடு ஏ-35 வீதியிற் சென்றிருக்கும் என்று எண்ணுகையில், ஆய்கூடத்தில் எமக்குப் பொறுமையைக் கற்பித்த ஆசிரியர்களை நன்றியோடு நினைவுகூர்கின்றோம்.